லீவு முடிந்து திரும்பும் வாரம்: படைவீரர் தற்கொலையை முன்கூட்டியே அறிய முடியுமா?

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. கடைத்தெரு நெரிசலில் நின்று அதைப் படிப்பவர்கள் குறைவு. நான் படிக்கும்போதெல்லாம் மனம் தானாகக் கழித்தல் கணக்குப் போடும். மீதி 263 பேர் ஊர் திரும்பியிருக்க வேண்டும். திரும்பி எப்படி இருந்தார்கள், இரவில் தூங்கினார்களா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசினார்களா என்பது எந்தக் கல்லிலும் இல்லை.

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவு நீண்டது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததைப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். கணியம்பாடி ஒன்றியத்தில் உள்ள கம்மவான்பேட்டை, வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பார் என்று பெயர் வாங்கிய ஊர். மிலிட்டரிப்பேட்டை என்றே அதைச் சொல்வார்கள். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம், தக்கோலத்தில் சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையம். இந்தப் பக்கத்துப் பையன்களுக்குச் சீருடை என்பது தூரத்துக் கனவு இல்லை, மாமாவோ சித்தப்பாவோ போட்டுக்கொண்டு வந்து நின்ற உடை. அதனால் படைவீரர்களின் தற்கொலை பற்றிய பேச்சு இங்கே வெளியூர்ச் செய்தியாக இருக்க முடியாது. எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு பெயர் வரும், அதைச் சொல்லும்போது குரல் தாழும்.

அந்தத் தாழ்ந்த குரலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு ஆபத்தை முன்கூட்டியே அறிய, அது எத்தனை முறை நடக்கிறது என்று முதலில் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணுவது எவ்வளவு கடினம் என்பதற்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று இதே கணியம்பாடி ஒன்றியத்தில்தான் நடந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப் பணியாளர்கள் பல ஆண்டுகளாக இந்த ஒன்றியத்தில் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்து வந்தார்கள். இறப்பு நடந்த வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டார்கள். 1994 முதல் 1999 வரையிலான அந்தப் பதிவுகளை வைத்து 2003-ல் வெளியான கட்டுரை, இங்கே ஆண்டுக்கு லட்சத்தில் 95 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்று காட்டியது. அதே காலத்தில் போலீஸ் பதிவுகளை வைத்து அரசு வெளியிட்ட தேசிய விகிதம் லட்சத்துக்குப் பத்து, பதினொன்றுதான்.

இந்த இடைவெளி முழுக்க நம் ஒன்றியம் மோசமானது என்பதால் வந்ததாக நான் நினைக்கவில்லை. பெரும்பங்கு, கேட்ட விதத்தால் வந்தது. தற்கொலை முயற்சி குற்றமாக இருந்த காலம் அது. போலீஸ், கோர்ட், பெண்ணுக்கு வரன் அமையாது என்ற பயம், எல்லாம் சேர்ந்து வயிற்று வலி, மாரடைப்பு, விபத்து என்று எழுத வைக்கும். பழகிய முகம் வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது.

ராணுவத்தில் எண்ணுவது இதைவிடச் சுலபம் என்று தோன்றலாம். ஒவ்வொருவருக்கும் எண் உண்டு, ஒவ்வொரு இறப்புக்கும் விசாரணை உண்டு. 2022 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு தந்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தரைப்படையில் 642, விமானப்படையில் 148, கடற்படையில் 29. தரைப்படையில் சுமார் 12 லட்சம் பேர் என்று வைத்தால், ஆண்டுக்கு லட்சத்தில் பத்து, பதினொரு பேர். நாட்டின் பொது விகிதம் 2022-ல் 12.4. தமிழ்நாட்டின் விகிதம் அதே ஆண்டில் 25.9.

இதைப் பார்த்து ‘அப்போ ராணுவம் பரவாயில்லையே’ என்று சொல்லிவிடக் கூடாது. படையில் சேர்பவர் உடல், மனம் இரண்டிலும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மாதச் சம்பளம் உண்டு, மருத்துவம் உண்டு, சாப்பாடு உண்டு, சுற்றி எப்போதும் ஆள் உண்டு. இவ்வளவும் இருக்கும் கூட்டத்தில் விகிதம் ஊர் விகிதத்தைவிட மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும். ஊரை ஒட்டியே நிற்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று அந்தப் பாதுகாப்பையெல்லாம் அரித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, ஓய்வு பெற்ற மறுநாள் அவர் இந்தக் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். முப்பத்தைந்து, நாற்பது வயதில் பென்ஷனோடு வீடு திரும்பியவருக்கு அதற்குப் பிறகு என்ன நேர்ந்தாலும் அது படையின் பட்டியலில் ஏறாது.

சரி, இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். யார் ஆபத்தில் இருக்கிறார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

அதிகப் பணமும் அறிவும் செலவழித்து இதை ஆராய்ந்தது அமெரிக்கா. ஆப்கானிஸ்தான், இராக் போர்க்காலத்தில் அவர்களுடைய தரைப்படையில் தற்கொலை விகிதம் ஏறிக்கொண்டே போனது. வழக்கமாகப் பொதுமக்களைவிடக் குறைவாக இருந்தது 2008 வாக்கில் அவர்களைத் தாண்டியது. 2009-ல் ‘ஆர்மி ஸ்டார்ஸ்’ என்ற பெரும் ஆய்வைத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான வீரர்களின் மருத்துவப் பதிவு, பணிப் பதிவு, தண்டனைப் பதிவு எல்லாவற்றையும் கணினியில் இணைத்தார்கள்.

2015-ல் ரொனால்ட் கெஸ்லரும் கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 2004–2009-ல் மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்து வெளியே வந்த வீரர்களை எடுத்துக்கொண்டார்கள். 40,820 வீரர்கள், 53,769 சேர்க்கைகள். வெளியே வந்த ஓராண்டுக்குள் 68 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். இந்தக் கூட்டத்தின் விகிதம் லட்சத்துக்கு 263.9. மொத்தத் தரைப்படையின் விகிதம் 18.5. கணினி மாதிரி அதிக ஆபத்து என்று குறித்த 5 சதவீதச் சேர்க்கைகளுக்குள் அந்த இறப்புகளில் பாதிக்கு மேல், 52.9 சதவீதம், அடங்கின.

இதைக் கேட்டதும் கணினி கண்டுபிடித்துவிட்டது என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 53,769-ல் 5 சதவீதம் ஏறக்குறைய 2,700. அதில் இறப்பில் முடிந்தவை 36. மீதி 2,650-க்கும் மேல் அப்படி முடியவில்லை. இத்தனைக்கும் இது மருத்துவமனை வரை வந்துவிட்ட, ஏற்கெனவே ஆபத்து கூடிய கூட்டம். படை முழுவதையும் சலித்தால் நிலைமை இன்னும் கடினம். லட்சம் பேர் கொண்ட படையில் ஆண்டுக்கு 20 பேர் இப்படி இறக்கிறார்கள் என்று வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று கிடைத்துவிட்டதாகவும் வையுங்கள். அந்த 20 பேரில் 18 பேரை அது பிடிக்கும். ஆனால் ஆபத்தில் இல்லாத மற்றவர்களில் பத்தில் ஒருவரை, அதாவது பத்தாயிரம் பேரை, தவறாகப் பிடிக்கும். கையில் இருக்கும் பட்டியலில் 550 பேருக்கு ஒருவர்தான் நாம் தேடியவர். யார் அந்த ஒருவர் என்று பட்டியல் சொல்லாது.

நோய் அரிதாக இருந்தால் எந்தச் சோதனைக்கும் இந்த வம்பு உண்டு. 2017-ல் ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியைத் திரட்டி, 365 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், நமக்குத் தெரிந்த ஆபத்துக் காரணிகளால் முன்கணிப்பது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று சொல்லிவிட்டார்கள். மனச்சோர்வு, குடி, கடன், முன்பு முயன்றது, தூக்கமின்மை என்று ஒவ்வொன்றும் உண்மையான காரணிதான். ஆனால் அவை ஆயிரம் பேரிடம் இருக்கும்.

இங்கே கணியம்பாடி மறுபடியும் பேசுகிறது. தற்கொலையால் இறந்த 100 பேரைப் பற்றி அவர்கள் குடும்பத்தாரிடம் விசாரித்து, 2010-ல் வெளியான இன்னொரு சி.எம்.சி. ஆய்வில், மனநோய் என்று பெயர் சூட்டக்கூடிய நிலை இருந்தது 37 பேருக்குத்தான். குடிக்கு அடிமையானவர்கள் அதில் ஒரு பகுதி. தொடரும் நெருக்கடி, தீராத உடல்வலி, தனியாக வாழ்வது, உறவு முறிவு ஆகியவை ஆபத்தைக் கூட்டின. மேலைநாட்டு ஆய்வுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மனநோய் இருந்ததாக எழுதுவார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. மனநோய்க்கு மட்டும் வலை வீசினால் நம்மவர்களில் பாதிக்கு மேல் நழுவிவிடுவார்கள்.

யார் என்ற கேள்வி இப்படிக் கைநழுவும்போது, எப்போது என்ற கேள்வி மட்டும் வியப்பாகப் பதில் தருகிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஆர்மி ஸ்டார்ஸ் ஆய்வின் 2016-ம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அந்தப் போர்க்கால ஆண்டுகளில் சாதாரண நிலை வீரர்களின் தற்கொலை முயற்சிகளை மாதவாரியாகப் பிரித்தது. போர்முனைக்கே போகாதவர்களுக்கு ஆபத்து உச்சம் தொட்டது பணியில் சேர்ந்த இரண்டாவது மாதத்தில். போர்முனையில் இருந்தவர்களுக்கு ஆறாவது மாதத்தில். திரும்பி வந்தவர்களுக்கு வந்து ஐந்தாவது மாதத்தில். முயற்சி செய்தவர்களில் 61 சதவீதம் பேர் போர்முனையைப் பார்த்திராதவர்கள், படையில் அவர்கள் பங்கு 40 சதவீதம்தான். குண்டுச் சத்தம்தான் மனதை உடைக்கும் என்ற நம் பொது எண்ணத்துக்கு இது பொருந்தவே இல்லை. பயிற்சி முகாமின் இரண்டாவது மாதத்தில் என்ன இருக்கும்? முடி வெட்டப்பட்ட பதினெட்டு வயதுப் பையன், தெரியாத மொழி, அதிகாலை விசில், தொண்டையில் இறங்காத ரொட்டி, வீட்டு நினைப்பு.

மாற்றம் நடக்கும் இடத்தில்தான் கயிறு தளர்கிறது. வீட்டிலிருந்து முகாமுக்கு, முகாமிலிருந்து எல்லைக்கு, மருத்துவமனையிலிருந்து பணிக்கு, பணியிலிருந்து ஊருக்கு. ஒரு இடத்தின் பிடி விட்டு இன்னொரு இடத்தின் பிடி கிடைப்பதற்குள் உள்ள இடைவெளி.

நம் நாட்டுச் சான்றும் அதே பக்கம் கைகாட்டுகிறது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஐந்து ஆண்டுகளில் 730 பேர் தற்கொலையால் இறந்ததாக உள்துறை அமைச்சகத்தின் கணக்கு 2024 இறுதியில் வெளியானது. அதை ஆராய்ந்த பணிக்குழு சொன்ன விவரம் ஒன்று நெஞ்சில் தைக்கிறது. 80 சதவீதத்துக்கு மேற்பட்ட சம்பவங்கள், வீரர் லீவு முடிந்து பணிக்குத் திரும்பிய பிறகு நடந்தவை. துணை அல்லது உறவினர் மரணம், மணவாழ்வில் பிளவு, பண நெருக்கடி, பிள்ளைகளின் படிப்பு என்று காரணங்கள் எல்லாம் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தன.

யோசித்தால் புரிகிறது. காட்பாடி ஜங்ஷனில் ஒருவர் ரயில் ஏறுகிறார். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இங்கிருந்து ஜம்முப் பக்கம் போய்ச் சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். லீவு எடுத்து வந்ததே பங்காளியோடு வரப்புத் தகராறைத் தீர்க்க, தங்கையின் கல்யாணக் கடனை அடைக்க, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியை அழைத்து வர. தாலுக்கா ஆபீசில் சர்வேயர் வரவில்லை. மாமனார் வீட்டில் பேச்சு முறிந்தது. இருக்கும் நாட்களில் பாதி பயணத்திலும் விசேஷங்களிலும் கரைந்தது. லீவு நாள் தீர்ந்தது, பிரச்சினை தீரவில்லை. எல்லைக்குப் போவதற்குள் அது இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் இனி அதைச் சரிசெய்ய எட்டு மாதம் கையில் எதுவும் இல்லை. ராணுவ அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் தரும் பதில்களிலும் குடும்பப் பிரச்சினை, நிலத்தகராறு, பண நெருக்கடி என்ற மூன்று சொற்கள் ஆண்டுதோறும் வருகின்றன.

இப்படிப் பார்த்தால் வேலூர் தாலுக்கா ஆபீசில் கிடக்கும் ஒரு பட்டா மனு ஒரு மனநல ஆவணமும்கூட. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஊரில் இல்லாத படைவீரர் மீது வழக்கு ஓடினால் அதை நிறுத்தி வைக்க வழி செய்யும் படைவீரர் வழக்குச் சட்டத்தை வெள்ளைக்காரன் 1925-லேயே கொண்டுவந்தான், அது இன்றும் இருக்கிறது. கமாண்டிங் ஆபீசர் கலெக்டருக்கு எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். பணியில் இருப்பவரின் மனைவியும் பெற்றோரும்கூட அங்கே மனு கொடுக்கலாம், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். வீரரின் லீவு நாட்களைத் தின்றுவிடும் அலைச்சலை வீட்டில் இருப்பவர்கள் அவர் வருவதற்கு முன்பே தொடங்கி வைத்தால், அவர் ரயில் ஏறும்போது சுமை கொஞ்சம் இறங்கியிருக்கும்.

தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005-ல் சொன்ன விளக்கம் படைவீரர் விஷயத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது. சாக வேண்டும் என்ற எண்ணம் இரண்டு உணர்வுகள் சேரும்போது வலுக்கிறது. நான் யாருக்கும் சொந்தமில்லை என்பது ஒன்று. நான் எல்லோருக்கும் பாரம் என்பது இன்னொன்று. இதோடு வலிக்கும் சாவுக்கும் பயப்படாத பழக்கம் சேர்ந்தால் எண்ணம் செயலாகும் ஆபத்து கூடுகிறது. படைப் பயிற்சி அந்த மூன்றாவதைத் தொழிலாகவே கற்றுத் தருகிறது, தர வேண்டியதும்தான். ஆகவே படைவீரரிடம் முதல் இரண்டில் ஒன்று தலைகாட்டும்போதே காது கொடுக்க வேண்டும். “நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி”, “பென்ஷன் பணமாவது வரும்” என்ற பேச்சு கோபத்தில் வந்ததாக இருந்தாலும் கடந்துபோகக் கூடாத பேச்சு.

பெரும்பாலும் அந்தப் பேச்சுகூட வராது என்பதுதான் துயரம். எங்கள் பக்கத்துப் போன் பேச்சு எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குத் தெரியும்.

“இன்னா கண்ணு, சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்மா.”

“உடம்பு எப்டிகீது?”

“நல்லாகீறேம்மா. நீ மாத்திரை போட்டியா?”

அவ்வளவுதான். ‘நல்லாகீறேன்’ என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். அம்மாவுக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்று அவன் மறைக்கிறான். பிள்ளைக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்று அவள் கடன்காரன் வந்து போனதை மறைக்கிறாள். அன்பினாலேயே இரண்டு பக்கமும் பொய் சொல்லிக்கொள்கிறார்கள்.

யூனிட்டுக்குள்ளும் வாயைத் திறக்க முடியாததற்குக் காரணங்கள் உண்டு. நம் ராணுவத்தில் உடல்தகுதியை ‘ஷேப்’ என்று ஐந்து எழுத்துகளால் குறிக்கிறார்கள். முதல் எழுத்து எஸ், மனநிலைக்கானது. ஐந்துக்கும் முதல் தரம் கிடைத்தால் ஷேப்-1. எஸ்-இன் தரம் இறங்கினால் ‘கேட்டகிரி ஆயிட்டாரு’ என்று பேச்சு கிளம்பும். ஆயுதம் தரமாட்டார்கள், பதவி உயர்வும் அடுத்த போஸ்டிங்கும் கேள்விக்குறியாகும். இன்னொரு ஹவில்தாராவது பார்த்துச் சிரிப்பான் என்ற கூச்சம் வேறு. இந்த நிலையில் ஒரு சோதனைத் தாளில் ‘எனக்கு வாழப் பிடிக்கவில்லை’ என்ற கட்டத்தில் யார் டிக் அடிப்பார்கள்? தவறாகப் பிடிபடும் பத்தாயிரம் பேரையும் ஆயுதமில்லாமல் உட்கார வைத்தால், அடுத்த ஆண்டு படை முழுக்க ‘நல்லாகீறேன்’ என்றே எழுதும்.

சட்டமும் ஒத்தாசையாக இல்லை. பொதுமக்களுக்கு 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று கருதி அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைத் தண்டித்த, பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்த வடிவில் இல்லை. ஆனால் 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 64-ம் பிரிவில் தற்கொலை முயற்சி இன்னும் குற்றம், ஏழு ஆண்டுவரை சிறை விதிக்கலாம். இந்த வரி நீக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உதவி கேட்டு வருபவன் முதலில் இந்த வரியைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது.

முன்கணிப்பு இவ்வளவு பலவீனம் என்றால் தடுப்பதும் முடியாதா? முடியும், செய்து காட்டியிருக்கிறார்கள். யார் என்று தெரியாவிட்டாலும் ஆபத்தான நேரத்தையும் இடத்தையும் பாதுகாப்பாக்கலாம். ரயில்வே கேட்டில் எந்த வண்டி மோதும் என்று கணித்தா கேட் போடுகிறோம்?

இஸ்ரேல் ராணுவம் 2006-ல் ஒரு சிறு விதியை மாற்றியது. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். தற்கொலை விகிதம் 40 சதவீதம் குறைந்தது, மற்ற நாட்களில் கூடவும் இல்லை. உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது, அந்த நேரம் கடந்துவிட்டால் பலர் பிழைத்துவிடுகிறார்கள் என்பதை இது காட்டியது. நம் படையில் துப்பாக்கி கோத் என்னும் ஆயுத அறையில் பூட்டி வைக்கப்படுவதால் அந்த விதி நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் லீவு முடிந்து வந்தவருக்கு முதல் வாரமே தனியாக இரவு சென்ட்ரி டூட்டி போடாமல், இன்னொரு வீரரோடு ஜோடியாகப் போடுவது எந்தக் கம்பெனிக்கும் முடியும். அதை எல்லோருக்கும் பொதுவாகச் செய்தால் யாருக்கும் முத்திரை விழாது. நம் ராணுவத்தில் ஒரு வீரருக்கு இன்னொரு வீரரைத் துணையாகச் சேர்க்கும் ஜோடி முறை, அதிகாரிகள் வீரர்களைக் கூட்டிப் பேசும் சைனிக் சம்மேளனம், ஆலோசகர்கள், வடக்குக் கட்டளையில் மிலாப், சஹயோக் என்ற திட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை லீவு நாட்காட்டியோடு சேர்த்துக் கட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் ஃபோர்ட் கார்சன் முகாமில் நடந்த இன்னொரு ஆய்வை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். கிரெய்க் பிரையன் குழு, நெருக்கடியில் வந்த 97 வீரர்களைப் பிரித்துக்கொண்டது. ஒரு பகுதியிடம், உயிருக்கு ஊறு செய்துகொள்ள மாட்டேன் என்று வாக்கு வாங்கினார்கள். மற்றவர்களோடு உட்கார்ந்து ஒரு சிறு அட்டையில் எழுதினார்கள்: எனக்கு மோசமாகப் போகிறது என்பதற்கு என்ன அறிகுறி, அப்போது நானே என்ன செய்து கொஞ்சம் அடங்குவேன், யாரைக் கூப்பிடுவேன், யாரும் எடுக்கவில்லை என்றால் எந்த அவசர எண். ஆறு மாதத்தில் அட்டை எழுதியவர்களிடம் தற்கொலை முயற்சி 76 சதவீதம் குறைவாக இருந்தது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? “என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு” என்கிறோம். பாசத்தில் கேட்கிறோம், தப்பில்லை. ஆனால் சத்தியம் அவன் வாயைத்தான் கட்டுகிறது. அடுத்த முறை அந்த எண்ணம் வரும்போது அம்மாவிடம் சொன்னால் சத்தியத்தை மீறியதாகிவிடுமே என்று அவன் இன்னும் ஒளிந்துகொள்வான். நேராகக் கேட்பதும் அப்படித்தான், பலர் பயப்படுகிறார்கள். “செத்துடலாம்னு தோணுதா?” என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. கேட்டதும் பலர் பெருமூச்சு விட்டு அழுதுவிடுகிறார்கள்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு மனதுக்கு வைத்தியம் பார்ப்பது வேலூருக்குப் புதிதல்ல. 1957-ல் பாகாயத்தில் சி.எம்.சி. தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு உறவினர் கூடவே தங்குவதுதான் ஏற்பாடு. பூட்டிய வார்டுகள் வழக்கமாக இருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல். படைவீரருக்கு அந்த வசதி கிடைப்பது அரிது, குடும்பம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தூரத்திலிருந்தாவது கூட இருக்க வழி தேட வேண்டும்.

அடுத்து வரப்போகும் ஒரு ஆபத்துக் காலத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 1996 முதல் 2005 வரை படையை விட்டு வெளியேறியவர்களைப் பற்றிய ஆய்வில், 24 வயதுக்குக் கீழே வெளியேறிய ஆண்களின் தற்கொலை ஆபத்து அதே வயதுப் பொதுமக்களைவிட இரண்டு, மூன்று மடங்கு இருந்தது. மிகக் குறைந்த காலம் பணியாற்றியவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அமெரிக்கப் பதிவுகளில் வெளியேறிய முதல் ஆண்டு, அதிலும் பின்பாதி, மோசமாக இருந்தது. அக்னிவீரர்களின் முதல் அணி 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்தது. நான்கு ஆண்டுப் பணி. 25 சதவீதம் வரை நிரந்தரமாக்கப்படுவார்கள் என்று அறிவித்தார்கள். மற்றவர்கள் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், கையில் ஒரு தொகையோடும் முகத்தில் ‘எடுக்கலையா?’ என்ற ஊரின் கேள்வியோடும் குடியாத்தத்துக்கும் அணைக்கட்டுக்கும் போளூருக்கும் திரும்புவார்கள். பணியில் இருந்தபோது அவர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் லீவு. வழக்கமான சிப்பாய்க்கு 90 நாள். மிலிட்டரிக்காரர் என்று மாலை போட்டு அனுப்பிய ஊர், திரும்பி வந்த முதல் ஓராண்டில் அந்தப் பையன்களை எப்படிப் பார்க்கிறது என்பது அவர்கள் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

உதவிக்கு எண்கள் இருக்கின்றன. அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மனாஸ் 14416, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்குமாக புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் டெலி மனாஸ் தனிப்பிரிவு 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. யூனிட் வழியாகப் போகாமல் நேராகப் பேச விரும்புகிறவர் 14416-ஐ அழைக்கலாம். வீட்டில் இருப்பவரும் அவருக்காக அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.

அப்புறம் ஒரு வேலை. வீட்டில் யாராவது லீவு முடிந்து கிளம்பும்போது, முறுக்கும் ஊறுகாயும் கட்டும் அதே மாலையில் அவரோடு உட்காருங்கள். தீராமல் நிற்கும் பிரச்சினை எது, அதை இங்கே யார் எடுத்துச் செய்வது என்று பேசி முடியுங்கள். படையில் அவருக்கு ஜோடியாக இருக்கும் வீரரின் எண்ணை வாங்கி உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள், உங்கள் எண்ணை அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த முதல் பத்து நாள், பேச்சு ஒன்றும் இல்லாவிட்டாலும், தினமும் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு போனை வைத்துவிடாதீர்கள். ராத்திரி தூங்கினாயா என்று கேளுங்கள்.